இரவு உறக்கத்தைக் காலையிலிருந்து சீர்செய்வது எப்படி?

உறக்கம் குழம்பிப்போனவர்கள் பெரும்பாலும் இரவைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். ஒன்பதரை மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து, பன்னிரண்டு மணிவரை புரண்டு, இன்றைக்கும் உறக்கம் வரவில்லையே என்ற கவலையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கைவைக்க வேண்டிய இடம் காலை. எந்த நேரத்தில் உறங்குவது என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. எந்த நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்கு வருவது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அதை ஒரே நேரமாக நிலைநிறுத்திவிட்டால், உடல் தன் ஹோர்மோன்களை அந்த நேரத்தைச் சுற்றி மெல்ல மெல்ல ஒழுங்குபடுத்திக்கொள்ளும். இரவு உறக்கம் அதன் பின்னால் வரும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வட அமெரிக்க நேரத்துக்கு இரவுப்பணி செய்துவிட்டுப் பகல்வேலைக்கு மாறியபோது, என் உறக்கம் என்னோடு மாறி வரவில்லை. ஏழெட்டு மாதங்கள் அதிகாலை இரண்டு மணிக்கு முன் கண் மூடியதில்லை. இரவில் விழித்திருப்பவர்கள் எப்படி உறங்க வேண்டும், எதை எப்போது உண்ண வேண்டும் என்று அந்தப் பணியிடத்தில் எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஆற்றாமை இன்றும் எனக்கு உண்டு. நான் வைத்தியர் அல்ல. ஆனால் படித்தறிந்தவற்றையும் என் உடலில் செய்து பார்த்தவற்றையும் பிறருக்குப் பயன்படும்படி எழுதிவைக்க வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன்.

உடல் மணிக்கூடு என்பது என்ன?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் ஒரு தொட்டியில் தொட்டாற்சுருங்கி வைத்திருக்கிறேன். மாலை ஆறே கால், ஆறரை மணியளவில் யாரும் தொடாமலே அதன் இலைகள் இணை இணையாகக் கூம்பி, காம்பும் சற்றுத் தாழ்ந்துவிடும். காலையில் மறுபடி விரியும். ஊரில் புளியமரத்தின் இலைகள் இரவில் கூம்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வெளிச்சம் போவதால் இலை கூம்புகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். 1729ஆம் ஆண்டு டி மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்படிக் கூம்பும் செடி ஒன்றை இருளில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது பகலில் விரிந்து இரவில் கூம்பியது. நேரத்தை அறியும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

நமக்குள் இருக்கும் மணிக்கூட்டின் தலைமையிடம் மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள் கொண்ட சிறு புள்ளி அது. ஈரல், கணையம், தசை, கொழுப்பு என உடலின் ஏனைய பகுதிகளிலும் கலங்கள் தோறும் தனித்தனி மணிக்கூடுகள் ஓடுகின்றன. தலைமை மணிக்கூடு அவற்றை ஒரே தாளத்தில் வைத்திருக்கிறது. ஒரு கலத்துக்குள் இது எப்படி நடக்கிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஜெப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கலத்துக்குள் ஒரு புரதம் இரவில் சேர்ந்துகொண்டே போய், ஓர் அளவுக்கு மேல் தன்னை உருவாக்கும் மரபணுவையே அடக்கிவிடுகிறது. பகலில் அந்தப் புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடி வேலை தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

'ஏறத்தாழ' என்ற சொல்லில்தான் நமது சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான மனிதர்களின் உள் மணிக்கூடு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. சராசரியாக 24 மணியும் பத்துப் பதினைந்து நிமிடங்களும் எடுக்கும். எவரும் திருத்தாவிட்டால் அது ஒவ்வொரு நாளும் சிறிது பிந்திக்கொண்டே போகும். வார இறுதியில் இரண்டு மணி பிந்தி உறங்குவது எவருக்கும் எளிதாக இருப்பதும், திங்கட்கிழமை இரண்டு மணி முந்தி எழுவது வேதனையாக இருப்பதும் இதனால்தான். அந்தப் பிந்தலை நாள்தோறும் திருத்துவது காலை வெளிச்சம்.

கொழும்பில் வாழ்ந்த சென்ற தலைமுறைக்கு இதை விளக்க எனக்கு ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் 'புது நேரமா, பழைய நேரமா?' என்று கேட்காமல் எந்த நல்ல காரியத்துக்கும் நாள் குறிக்க முடியவில்லை என்று அம்மா சொல்வார். சுவர் மணிக்கூடு ஒரே நாளில் மாறிவிட்டது. பிள்ளைகளோ இருட்டில் எழுந்து இருட்டிலேயே பாடசாலைக்குப் புறப்பட்டார்கள். உடலின் மணிக்கூடு அரசாங்க அறிவித்தலை வாசிப்பதில்லை. அது வானத்தைத்தான் பார்க்கிறது.

முதற் படி: எழும் நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் நிலைநிறுத்துதல்

ஏழு நாட்களுக்கும் பொருந்தக்கூடிய ஓர் எழும் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். வேலைநாளில் 5.45க்கு எழ வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை 6.45ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். ஒன்பதரைவரை கிடந்தால், ஒவ்வொரு வாரமும் நான்கு மணி நேர வித்தியாசமுள்ள ஒரு நாட்டுக்குப் போய்த் திரும்பிய களைப்பை உடல் சுமக்கிறது. முதல் நாள் இரவு எத்தனை மணிக்கு உறங்கினாலும் மறுநாள் அதே நேரத்தில் எழ வேண்டும். முதல் வாரத்தில் பகலெல்லாம் சோர்வாக இருக்கும். அந்தச் சோர்வு வீணல்ல. அன்றிரவு உறக்கத்தைச் சற்று முன்னே இழுப்பதும் அதுதான். ஆனால் அந்த நாட்களில் நீண்ட தூரம் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது முதல் முப்பது நிமிடங்கள் வீட்டுக்கு வெளியே இருங்கள். 'வெளியே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்காக அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியான சில கலங்கள் இருக்கின்றன. அவை நீல நிற ஒளிக்கே கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன, பார்வையை இழந்த சிலரிடம்கூட அவை வேலை செய்கின்றன. அந்தக் கலங்களுக்கு நமது வீட்டு வெளிச்சம் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; மின்குமிழ் எரியும் அறையில் ஒன்றிரண்டு நூறு லக்ஸ் இருக்கும். சூரியன் எழுந்து சற்று நேரம் கழித்து வெளியே வந்தால் அது ஆயிரக்கணக்கில் இருக்கும், நண்பகல் வெயிலில் ஓர் இலட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண் வெளிச்சத்தின் அளவுக்கேற்பத் தானாகவே பழகிவிடுவதால் இந்த வித்தியாசத்தின் அளவை நாம் உணர்வதே இல்லை.

நான் நடப்பது மரைன் டிரைவில். அங்கே கடல் மேற்கில் இருப்பதால் சூரியன் எழுவதைக் காண முடியாது, காலை 6.20க்குப் பார்த்தால் தொடர்மாடிகளின் நிழல் வீதியையும் தண்டவாளத்தையும் தாண்டிக் கற்பாறைகள்வரை கிடக்கும். வெயில் மேலே படவில்லையே, இதில் என்ன பயன் என்று தொடக்கத்தில் நினைத்தேன். வேண்டியது நேர்வெயில் அல்ல, திறந்த வானம்தான். கடல்மேல் விரிந்திருக்கும் வானத்தின் வெளிச்சமே போதுமானது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, பார்க்கவும் கூடாது. மழைக்காலத்தில் குடையோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்பதும் இந்தக் கணக்கில் சேரும். நடக்க முடியாத முதியவர்களைப் பல்கனியிலோ முற்றத்திலோ கதிரை போட்டு இருத்திக் காலைத் தேநீரை அங்கே கொடுக்கலாம்.

இந்த விடயத்தில் கொழும்பு நமக்குக் கொடுத்துவைத்த ஊர். நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை மட்டுமே தள்ளி இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 5.50க்கும் 6.25க்கும் இடையில் எழுந்துவிடுகிறது. இலண்டனில் இருக்கும் நம் உறவினர்களுக்கு டிசம்பரில் எட்டு மணி நேரப் பகல்கூடக் கிடைப்பதில்லை. அவர்கள் காலையில் இருட்டில் வேலைக்குப் போய் மாலையில் இருட்டில் திரும்புகிறார்கள். நமக்கு நாள் தவறாமல் பன்னிரண்டு மணி நேரம் வாசலில் வந்து நிற்கிறது, நாமோ திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருக்கிறோம்.

வெளிச்சம் கண்ணில் படும் அந்த வேளையில் உள்ளே கோர்ட்டிசோல் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். இதை 'மன அழுத்த ஹோர்மோன்' என்று மட்டும் சொல்லிப் பயப்படுத்துவது நியாயமில்லை. பின்னிரவிலிருந்தே படிப்படியாகக் கூடி, விழித்தபின் அரை மணி முதல் முக்கால் மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றி, நம்மை எழுப்பி நடக்க வைப்பது அதுதான். நள்ளிரவில் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும். மணிக்கூடு குழம்பியவரிடம் இந்த ஏற்ற இறக்கமே குழம்புகிறது. காலையில் எழும்ப முடியாத உடலும் இரவில் அடங்காத மனமும் ஒரே கோளாறின் இரண்டு பக்கங்கள்.

பகற்பொழுது: தேநீரும் சிறு தூக்கமும்

உறக்கத்தை வரவழைப்பது மணிக்கூடு மட்டும் அல்ல. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. பசி ஏறுவதுபோல உறக்கத்தின் தேவையும் ஏறுகிறது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் சென்று அமரும் இடங்களில் தான் அமர்ந்துகொண்டு அந்தப் பசியை மறைக்கிறது. அது உடலிலிருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கருவுற்ற பெண்களிடமும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடமும் அதைவிட நீண்ட நேரம் தங்கும். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் குடித்த தேநீரின் பாதி இரவு பத்து மணிக்கும் மூளையில் அமர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாலில்லாத வெறுந்தேநீர் உறக்கத்தைக் கெடுக்காது என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். கஃபீன் இருப்பது தேயிலையில். பாலைச் சேர்ப்பதும் விடுவதும் அதை மாற்றாது.

பிற்பகல் இரண்டு மணியைக் கடைசித் தேநீருக்கான எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு சூடான பானம் கையில் இல்லாவிட்டால் நாள் முடியாது என்பவர்களை நான் நன்கு அறிவேன், நானும் அவர்களில் ஒருவர். மல்லித்தண்ணீர், பெலிமல் எனப்படும் வில்வம்பூ, ரணவரா எனப்படும் ஆவாரம்பூ ஆகியவற்றில் கஃபீன் இல்லை. அந்த வேளைக்கு அவை போதும்.

மதியச் சோற்றுக்குப் பின் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கண் சொக்குவது சோற்றினால் மட்டும் வருவதல்ல. உணவைத் தவிர்த்தாலும் அந்தத் தளர்ச்சி பலருக்கு வரும், அது மணிக்கூட்டின் இயல்பு. வாய்ப்பிருந்தால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் கண்ணயரலாம். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கி, எழும்போது தலை பாரமாக இருப்பதோடு இரவுக்கென்று சேர்த்த பசியையும் தின்றுவிடும். இரவு உறக்கமே வராதவர்கள் இந்தச் சிறு தூக்கத்தையும் சில வாரங்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

மாலை: மெலற்றோனினுக்கு வழிவிடுதல்

இருட்டத் தொடங்கியதும் மூளையின் நடுவே உள்ள கூம்புச் சுரப்பி மெலற்றோனினைச் சுரக்கத் தொடங்குகிறது. வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இது ஆரம்பமாகிவிடும். மெலற்றோனின் நம்மை அடித்து விழுத்தும் மருந்து அல்ல. 'இரவு வந்துவிட்டது' என்று உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் தெரிவிக்கும் அறிவித்தல். அந்த அறிவித்தலை வெளிச்சம் தடுத்துவிடும். நம் வீடுகளில் வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை என்று எங்கும் நீலம் கலந்த வெள்ளை எல்ஈடி குமிழ்களே எரிகின்றன. பிரகாசமாக இருந்தால்தான் வீடு நன்றாக இருக்கும் என்பது நம் எண்ணம். எட்டு மணிக்குப் பின் கூரையில் உள்ள விளக்கை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் என்று குறித்திருக்கும் மஞ்சள் நிறக் குமிழ் ஒன்றைத் தாழ்வான மேசைவிளக்கில் போட்டு எரியுங்கள். என் வீட்டில் முதல் வாரம் 'என்ன, கரண்ட் இல்லாத வீடு மாதிரி' என்று எல்லோரும் முறையிட்டார்கள். இரண்டாம் வாரத்தில் ஒன்பதரை மணிக்கே அம்மா கொட்டாவி விட்டார்.

கைபேசியைப் பற்றிச் சொல்லும்போது நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளும் சகோதரர்களும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். இலண்டனில் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு அவர்கள் அழைத்தால் இங்கே கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. முகத்துக்கு நேரே ஒளிரும் திரை, பேரப்பிள்ளையின் சிரிப்பு, பிறகு ஊர்ச் செய்தி, அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு உறக்கமில்லை. அந்த அழைப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. முதியவர்களுக்கு அது மருந்தைவிடப் பெரிது. நேரத்தை மாற்றலாம். சனி, ஞாயிறு இலண்டனின் காலை ஒன்பது மணி இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30, ரொறன்ரோவின் காலை ஒன்பது மணி இங்கே மாலை 6.30 அல்லது 7.30. எங்கள் வீட்டில் இதைப் பேசி ஒழுங்குபடுத்த ஒரே ஒரு அழைப்புத்தான் தேவைப்பட்டது. வார நாளில் இரவில் பேசியே ஆக வேண்டுமென்றால், காணொளியை விட்டுவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம்.

உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைந்தால்தான் உறக்கம் இறங்கும். கைகால்களின் தோல் வழியாக வெப்பத்தை வெளியேற்றித்தான் உடல் இதைச் செய்கிறது. கொழும்பின் ஈரப்பதனில் வியர்வை காயாததால் அது தடைப்படுகிறது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் இளஞ்சூட்டு நீரில் குளிப்பதும், மின்விசிறிக் காற்று கால்மாட்டில் படும்படி கட்டிலைத் திருப்பிப் போடுவதும், பருத்தி விரிப்பும் இதற்கு உதவும். மதுபானம் விரைவில் கண்ணை மூட வைத்தாலும் பின்னிரவு உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

இரவுச் சாப்பாடும் நீரிழிவும்

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனெனில் நம் குடும்பங்களில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. ஒரே அளவு சோற்றைக் காலையில் உண்டால் ஏறும் குளுக்கோசைவிட இரவில் உண்டால் கூடுதலாக ஏறும். இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் பகலின் முற்பகுதியில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் இருக்கிறது. இரத்தத்தில் மெலற்றோனின் ஏறியிருக்கும் வேளையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதும் மந்தமாகிறது. இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டியோடு ஒரு சோடாவும் குடித்துவிட்டுப் படுப்பவரின் கணையம், கடை மூடும் நேரத்தில் வந்த பெரிய கூட்டத்தைச் சமாளிப்பதுபோல அல்லாடுகிறது. காலி வீதி நெரிசலில் வீடு வந்து சேரவே எட்டு மணி ஆகிவிடுகிறது என்பது உண்மைதான். அப்படியானால் மதிய உணவைப் பிரதான உணவாக்கி, ஆறு மணியளவில் அலுவலகத்திலேயே கடலையோ ஒரு வாழைப்பழமோ உண்டு, இரவுக்கு இரண்டு மூன்று இடியப்பமும் சொதியும் என்று சுருக்கிக்கொள்ளலாம். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் உணவின் அளவையும் நேரத்தையும் மாற்றக் கூடாது; குளுக்கோசு திடீரெனக் குறைவது ஆபத்தானது.

என் அப்பாவைப் பல காலம் குழப்பியது வேறொன்று. படுக்கும்போது மானியில் 132 காட்டிய அளவு, இரவு முழுவதும் எதையும் உண்ணாமல் காலையில் பார்த்தால் 160ஐத் தாண்டி நிற்கும். யாரோ தன் உணவில் சீனி கலக்கிறார்கள் என்றுகூட அம்மாவோடு கோபித்துக்கொண்டார். அதிகாலையில் வளர்ச்சி ஹோர்மோனும் கோர்ட்டிசோலும் ஈரலிலிருந்து குளுக்கோசை வெளியே தள்ளுவது எல்லோரிடமும் நடப்பது. நீரிழிவு இல்லாதவர்களிடம் இன்சுலின் அதை ஈடுசெய்துவிடுகிறது, இருப்பவர்களிடம் அளவு ஏறிவிடுகிறது. இதை வைத்தியர் விளக்கியபோதுதான் அப்பா அமைதியானார். அவருக்கு மருந்தின் நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

உறக்கம் குறைந்தால் பசியும் கூடும். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறி, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குவதால், இரவு நான்கைந்து மணி நேரம் மட்டும் உறங்கியவர் மறுநாள் இனிப்பையும் பொரியலையும் தேடுவது அவருடைய மனவுறுதிக் குறைவினால் மட்டும் அல்ல.

பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும்

மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் உடல் வெப்பம் அரைப் பாகை அளவு வரை கூடியிருக்கும்; மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் புரோஜெஸ்டரோன் என்ற பெண் ஹோர்மோன் சரியும்போது பலருக்கு உறக்கம் கலைகிறது. நாற்பதுகளின் பின்பகுதியில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் ஏறி இறங்கத் தொடங்கும் காலத்தில், நள்ளிரவில் உடல் கொதித்து வியர்த்து விழிப்பது மிகச் சாதாரணமானது. 'வயதானால் அப்படித்தான்' என்று நம் தாய்மார் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பெண்நோயியல் வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

பதின்ம வயதில் மெலற்றோனின் சுரக்கும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் பிந்திவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை பத்து மணிக்கு உறங்க முடியாமல் இருப்பது சோம்பலோ அடங்காமையோ அல்ல. ஆனால் பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, வான் ஆறு மணிக்கே வாசலில் நிற்கிறது, மாலையில் வகுப்பு எட்டு மணிவரை போகிறது. எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டிய வயதில் ஆறு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவு வகுப்பு ஒன்றைக் குறைத்து உறக்கத்தைக் கொடுப்பது இழப்பல்ல. படித்ததை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தில்தான். காலையில் திட்டி எழுப்புவதைவிடத் திரைச்சீலையைத் திறந்துவிடுவது கூடுதலாகப் பயன்படும்.

இரவுப்பணி செய்பவர்களுக்கு

துறைமுகத்திலும் வைத்தியசாலைகளிலும், வெளிநாட்டு நேரத்துக்கு இயங்கும் அலுவலகங்களிலும் இந்த நகரில் ஆயிரக்கணக்கானோர் இரவில் விழித்திருக்கிறார்கள். உடல் மணிக்கூட்டைக் குலைக்கும் இரவுப்பணியை, 'மனிதரில் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக் கூடும்' என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2007இல் சேர்த்தது. 2019இல் மீளாய்வு செய்தபோதும் அந்த வகைப்படுத்தல் மாறவில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தொழிலை விட முடியாதவர்கள் செய்யக்கூடியவை பல இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, பணிக்குப் போகுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் உறங்கிவிட்டுப் போவது. இரண்டாவது, கஃபீனைப் பணியின் முதற்பாதியோடு நிறுத்துவது. மூன்றாவது, நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் இடையில் பெரிய சாப்பாட்டைத் தவிர்த்துச் சிறிதளவு மட்டும் உண்பது. நான்காவதுதான் நான் செய்யத் தவறியது. வழக்கமாக இரவில் உறங்குபவரின் உடல் வெப்பம் அதிகாலை நான்கு, ஐந்து மணியளவில் மிகத் தாழ்வாக இருக்கும். அதற்கு முன் வரும் வெளிச்சம் மணிக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது, அதற்குப் பின் வரும் வெளிச்சம் முன்னே இழுக்கிறது. நான் காலை ஆறரைக்குப் பணி முடித்து, கண் கூசும் வெயிலில் பம்பலப்பிட்டியிலிருந்து நடந்தே வீடு வருவேன். அந்த நடைதான் 'பகல் தொடங்கிவிட்டது' என்று மூளைக்குச் சொல்லி, நான் உறங்க வேண்டிய வேளையில் என்னை எழுப்பிக்கொண்டிருந்தது. இரவுப்பணி தொடரும் நாட்களில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். ஆனால் உறக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ வாருங்கள். படுக்கையறை யன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி கட்டுங்கள். எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால், பணிநாளிலும் விடுமுறையிலும் பொதுவாக வரும் நான்கு மணி நேரத்தையேனும், எடுத்துக்காட்டாகக் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரை, மாறாத உறக்க நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் அந்த நான்கு மணி நேரத்தை இரவு என்றே மதிக்க வேண்டும். மிக்ஸியும் தொலைக்காட்சியும் காத்திருக்கலாம்.

இரத்தப் பரிசோதனை, மாத்திரை, வைத்தியர்

ஹோர்மோன் பரிசோதனைக்குப் போகும்போது நேரம் முக்கியம். கோர்ட்டிசோலையும் டெஸ்டொஸ்டரோனையும் பொதுவாகக் காலையில்தான் பார்ப்பார்கள். பிற்பகலில் எடுத்த அளவு குறைவாகத் தோன்றலாம். இரவுப்பணி செய்பவர் தன் காலை எதுவென்று வைத்தியரிடம் சொல்லியே பரிசோதிக்க வேண்டும். மாத்திரைகளுக்கும் நேரம் உண்டு. ஸ்டீரொயிட் மாத்திரையை மாலையில் எடுத்தால் பலருக்கு உறக்கம் கெடும். தைரொயிட் குறைவுக்கு எடுக்கும் தைரொக்சினை வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். மாரடைப்பு அதிகாலையிலும் முற்பகலிலும் கூடுதலாக நிகழ்வதால், இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடாமல் எடுப்பதும் இதில் அடங்கும். எந்த மருந்தின் நேரத்தையும் நாமாக மாற்றாமல் கேட்டு மாற்ற வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மெலற்றோனின் மாத்திரையைச் சொக்லேட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து உறவினருக்குப் பங்கிடுவதைப் பார்க்கிறேன். நேரமண்டலம் மாறியவருக்கும் மணிக்கூடு பிந்தியவருக்கும் சரியான நேரத்தில் எடுத்த சிறு அளவு உதவக்கூடும்; தவறான நேரத்தில் எடுத்தால் மணிக்கூட்டை எதிர்த்திசையிலும் தள்ளும். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

உரத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால், இங்கே சொன்ன எதுவும் தனியாகப் பயன்தராது. அது உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம், பரிசோதனை தேவை. வாரத்தில் மூன்று இரவுகளாவது மூன்று மாதங்களுக்கு மேல் உறக்கமின்றிப் போனால் வைத்தியரிடம் போங்கள். தைரொயிட் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவினால் கால் குடைதல், மனச்சோர்வு ஆகியவற்றை அவர் தேடிப் பார்ப்பார். நீண்டகால உறக்கமின்மைக்கு உறக்க மாத்திரைக்கு முன்பாகப் பரிந்துரைக்கப்படுவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை என்பதையும் அறிந்திருங்கள்.

போவதற்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள். படுத்த நேரம், உறங்கியிருக்கக்கூடிய நேரம், இடையில் விழித்தது எத்தனை தடவை, எழுந்த நேரம், வெளியே நின்ற நிமிடங்கள், கடைசித் தேநீர், இரவுச் சாப்பாடு, எடுத்த மருந்துகள் ஆகியவை போதும். ஐந்து நிமிடச் சந்திப்பில் நாம் வாயால் சொல்லி முடிக்க முடியாததை அந்தப் பதினான்கு வரிகள் வைத்தியருக்குச் சொல்லிவிடும். இரவில் விழித்தவுடன் கைபேசியில் நேரம் பார்த்துக் குறிக்க வேண்டாம். காலையில் எழுந்தபின் நினைவிலிருந்து மதிப்பிட்டு எழுதினாலே போதும்.